கலங்கல் நீரில் வாழும் கற்பவளம்

சமயபுரம் என்னும் எங்கள் ஊருக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது; வடக்கிலும் வடகிழக்கிலும், ஊட்டத்தூர், கல்லக்குடி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டு அரியலூர் வரையில், ஒரு யுகத்தில் சமுத்திரத்தின் அடித்தளமாய்க் கிடந்த நிலம் விரிந்திருக்கிறது. வெள்ளக் காலத்தில் கொள்ளிடப் பாலத்தின்மீது நின்று, செந்நிறம் பூண்டு நுங்கும் நுரையுமாய்ப் புரண்டு செல்லும் நீரைப் பார்ப்பவர்கள், அந்நீர் சுமந்து செல்லும் வண்டலே சோழ நாட்டு வயல்களின் செழிப்புக்கெல்லாம் ஆதாரம் என்பதை நன்கு அறிவார்கள். அந்த வண்டலே கடலில் கலந்தபின், அங்கே தன் எலும்பைத் தானே கல்லாகச் சமைத்து வாழும் ஒரு ஜீவராசிக்குப் பரம விரோதியாகிவிடுகிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே. காவிரியின் கிளைகள் கடலில் விழும் கரை நெடுகிலும் பவளத்திட்டு ஒன்றுகூட இல்லாமலிருப்பதும், கோடிக்கரையைத் தாண்டித் தெற்கே சென்று மண்டபத்தை நெருங்கிய பின்னரே அத்தகைய திட்டுகள் தென்படுவதும், இன்று கடலுக்கு வெகு தூரத்திலிருக்கும் கல்லக்குடியில் பூமியைத் தோண்டினால் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பவளங்கள் பாறையோடு பாறையாய் வெளிப்படுவதும் ஆகிய இம்மூன்று செய்திகளும் தம்முள் நெருங்கிய தொடர்புடையவை. அத்தொடர்பை விளங்கிக்கொள்வதற்கு, அகன்ற வாயும் தடித்த சரீரமும் உடைய ஒரு கற்பவள இனத்தின் ஜீவிதத்தைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்.

நகையில் பதிக்கும் செம்பவளம் இங்கே நம் பேச்சுக்கு உரியதன்று. அது மத்தியதரைக் கடலின் ஆழத்தில் வாழும் வேறொரு வகுப்பைச் சேர்ந்தது. அதன் ஒவ்வோர் உயிருக்கும் எட்டு உணர்நீட்சிகள் உண்டு. பவளத்திட்டுகளைக் கட்டுகின்ற கற்பவளங்களோ, ஆறு என்னும் எண்ணை அடிப்படையாகக் கொண்ட உடலமைப்பு உடையவை. இவற்றைத் தாவரம் என்றும், கடலடியில் பூக்கும் பூ என்றும் ஐரோப்பியப் பண்டிதர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். மார்செய்ல்ஸ் நகரத்து வைத்தியராகிய பெய்சொனெல் என்பவர், 1720-களில், பூ என்று கருதப்பட்டது உண்மையில் ஒரு பிராணியே என்று எடுத்துரைத்தபோது, அக்காலத்து அறிஞர் சபை அவர் சொல்லை ஏற்கவில்லை. பிற்காலத்தில் லண்டனில் ஜான் எல்லிஸ் என்பவர் நுண்ணோக்கியின் துணைகொண்டு ஆராய்ந்து 1755-இல் வெளியிட்ட நூலினாலேயே அக்கருத்து நிலைபெற்றது. அதே எல்லிஸும் சோலாண்டர் என்பவரும் சேர்ந்து தொடங்கி, இருவரும் காலமான பின்னர் 1786-இல் அச்சேறிய மற்றொரு நூலில் விவரிக்கப்பட்ட இனங்களுள் ஒன்றே, இன்று சாஸ்திரிகளால் ஃபேவைட்டிஸ் அப்டிட்டா என வழங்கப்படுவது. செங்கடலிலிருந்து பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுப்பகுதி வரையில் பரவியிருக்கும் இவ்வினம், நம்முடைய மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் சாதாரணமாகக் காணக்கூடியது. முன்பு ஃபேவிடே என்னும் குடும்பத்தில் இதை வைத்திருந்தார்கள். மரபணு ஆராய்ச்சியின் விளைவாக, 2012-க்குப் பிறகு இது மெருலினிடே குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

உயிர் நீங்கிய ஃபேவைட்டிஸ் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடியின் வழியே நோக்கினால், முதலில் கண்ணைக் கவர்வது, ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய அறைகளாகத் தேன்கூட்டைப் போல அடுக்கப்பட்டிருக்கும் அதன் மேற்பரப்பு. ஒவ்வோர் அறையும் சுமார் ஏழு முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை குறுக்களவு உள்ளது. சுவர் தடித்தும் உச்சியில் உருண்டும் இருக்கும். சுவரிலிருந்து அறையின் மையத்தை நோக்கி மெல்லிய கல் தகடுகள் பல, செங்குத்தாக இறங்கி வருகின்றன. அத்தகடுகளின் ஓரங்களை விரல் நுனியால் தொட்டால், வரிசையாக முளைத்திருக்கும் சிறு பற்கள் உறுத்தும். தகடுகள் யாவும் கூடுகின்ற நடுவிடத்தில், பஞ்சுபோல் தோன்றினும் கெட்டியான ஒரு சிறு மேடு உண்டு. இவ்வளவு நுட்பமான வேலைப்பாட்டையும், கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு, அரகோனைட் என்னும் படிகவடிவில் சமைத்தது, மூளையோ இதயமோ இல்லாத ஒரு மெத்தென்ற பிராணி. அதைப் பாலிப் என்கிறோம்.

ஓர் அறைக்கு ஒரு பாலிப் குடியிருக்கிறது. அதன் சரீரம் ஒரு பை. பைக்கு ஒரே துவாரம். ஆகாரம் புகுவதும் கழிவு வெளியேறுவதும் அத்துவாரத்தின் வழியாகவே. துவாரத்தைச் சுற்றி உணர்நீட்சிகள் வளையமாக நிற்கின்றன. பைக்குள்ளே, கல் தகடுகளுக்கு இடையிடையே, தசைத் திரைகள் தொங்குகின்றன. அத்திரைகளின் விளிம்பிலிருந்து ஜீரண நீரைச் சுரக்கும் நுண்ணிய இழைகள் புறப்படுகின்றன. பக்கத்துப் பக்கத்துப் பாலிப்புகள் தனித்தனியே வாயும் வயிறும் உடையனவாயினும், அறைச் சுவர்களின் மேலாகப் படர்ந்திருக்கும் மெல்லிய தசைப் படலத்தால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று உண்டதன் பயன் அடுத்ததற்கும் ஓரளவு சென்று சேர்கிறது. ஆகவே கடலடியில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குவடாக வளர்ந்திருக்கும் ஃபேவைட்டிஸ் திரள் ஒன்றைத் தனிப் பிராணி என்பதா, ஆயிரக்கணக்கான பிராணிகளின் கூட்டம் என்பதா என்னும் கேள்விக்கு, இரண்டும் பொருந்தும் என்றே விடை சொல்லவேண்டியிருக்கிறது.

பகலில் இதைப் பார்ப்பவருக்கு அது ஒரு கல்லாகவே தோன்றும். பாலிப்புகள் சுருங்கி அறைகளுக்குள் ஒடுங்கியிருக்க, சுவர்களின் பழுப்பு நிறமும், நடுவே சற்றுப் பளிச்சிடும் பச்சை நிறமுமே தெரியும். கலங்கலான நீரில் வளரும் திரள்களில் பழுப்பு இன்னும் கறுத்திருக்கும். இருட்டியபின் நிலைமை மாறுகிறது. பாலிப்புகள் நீரை உறிஞ்சிப் பருத்து மேலெழும்ப, உணர்நீட்சிகள் ஒவ்வொன்றாய் நீண்டு விரிய, சற்று முன்வரை வழவழப்பாய் இருந்த கல்லின் மேற்பரப்பு முழுவதும் அசையத் தொடங்குகிறது. அரிசி நொய்யினும் சிறிய ஒரு மிதவை உயிரி, நீரோட்டத்தில் அலைந்து வந்து ஓர் உணர்நீட்சியில் பட்டுவிட்டால், அந்நீட்சியின் தோலில் புதைந்திருக்கும் கொட்டும் செல்கள், கண்ணிமைப்பதற்குள், சுருட்டி வைத்த விஷ இழைகளை வெளியே எறிகின்றன. இரை துடிப்பதற்கும் அவகாசமில்லை. உணர்நீட்சி வளைந்து அதை வாயருகே கொண்டுசெல்ல, வாய் சற்றே அகன்று, அது உள்ளே மறைகிறது.

இப்படி இரவில் வேட்டையாடிக் கிடைக்கும் ஆகாரம் மட்டுமே போதுமானால், ஃபேவைட்டிஸ் போன்ற கற்பவளங்கள் சூரிய வெளிச்சமற்ற ஆழங்களிலும் திட்டுகளைக் கட்டியிருக்கவேண்டும். அவ்வாறு இல்லாமைக்குக் காரணம், பாலிப்பின் உள்தசையில் குடியேறியிருக்கும் சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசிகள். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ள இப்பாசிகள், ஒரு சதுர சென்டிமீட்டர் பவளப் பரப்பில் பத்து லட்சத்துக்குக் குறையாமல் நெருங்கி வாழ்கின்றன. பகலெல்லாம் சூரிய ஒளியைக் கொண்டு அவை சமைக்கும் சர்க்கரைப் பொருள்களிலும் கொழுப்பிலும் பெரும்பங்கு பாலிப்பைச் சேர்கிறது; பாலிப் வெளிவிடும் கரியமில வாயுவும் நைட்ரஜன் கழிவுகளும் பாசிக்கு ஆகாரமாகின்றன. தெளிந்த நீரில் வாழும் பவளங்களுக்குத் தேவையான சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு வரையில் இவ்வழியே கிடைத்துவிடுவதுண்டு. 1928-29-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவின் தலைவராகிய யங் என்பவர், பாசியால் பாலிப்புக்கு உணவு கிடைப்பதில்லை, கழிவை அகற்றும் உதவியே கிடைக்கிறது என்று எண்ணினார். கதிரியக்கக் கார்பனைக் கொண்டு உணவின் போக்கைப் பின்தொடரும் முறை ஏற்பட்ட பிறகே, உணவு பாசியிலிருந்து பிராணிக்குச் செல்வது ஐயமற நிரூபணமாயிற்று. அதே காலத்தில், ஜமைக்காத் தீவில் கோரோ என்பவர் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு செய்த சோதனைகளால், பவளம் கல்லைச் சமைக்கும் வேகம் இருட்டைவிட வெளிச்சத்தில் பன்மடங்கு மிகுகிறது என்பதும் தெரியவந்தது. இத்தகைய பவளத்திட்டு முடிவில் வெளிச்சத்தால் கட்டப்படுவது என்று நான் துணிந்து சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

வெளிச்சம் வேண்டுமானால் நீர் ஆழமற்றதாயும் தெளிந்ததாயும் இருக்கவேண்டும். வண்டல் கலந்த நீர் இரண்டு விதத்தில் கேடு செய்கிறது. மிதந்துகொண்டிருக்கையில் வெளிச்சத்தை மறைக்கிறது. கீழே படிகையில் பாலிப்பின் வாயை மூடி மூச்சைத் திணற வைக்கிறது. அதோடு ஆற்று நீரால் கடலின் உப்புத்தன்மையும் குறைந்துவிடுவதால், பெரிய நதிகளின் முகத்துவாரங்களில் பவளம் நிலைப்பதில்லை. காவிரிக் கழிமுகத்துக் கரையில் பவளத்திட்டு இல்லாததன் காரணம் இவ்வளவே. மன்னார் வளைகுடாவின் வடபகுதியிலோ, காவிரியைப் போலப் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் நதி இல்லை. வைகை, கடலைச் சேரும் முன்பே பெரும்பாலும் கண்மாய்களில் அடங்கிவிடுகிறது. ஆகையால் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தொடராக அமைந்த இருபத்தொரு தீவுகளைச் சுற்றிலும் பவளங்கள் தழைத்தன.

எனினும் அங்கேயும் நீர் எப்போதும் ஸ்படிகமாயிருப்பதில்லை. மண்டபத்தின் வடபுறத்தில், பாக் விரிகுடாவின் ஓரமாக, கரையை ஒட்டி நீளும் பவளத்திட்டு இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அடங்கியது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், அலை அடிமண்ணைக் கிளறிவிட, நீர் கலங்கிக் கையெட்டும் தூரத்துக்கப்பால் ஒன்றும் தெரியாமற் போகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள அறைகளோடு கிளைகிளையாய் வளரும் அக்ரோபோரா இனங்களுக்கு இந்நிலைமை ஒத்துக்கொள்வதில்லை. ஃபேவைட்டிஸும் அதன் உறவினங்களும் அங்கே குவடு குவடாக நிலைத்து நிற்பதற்கு அவற்றின் பாலிப்பின் பருமனே பெருந்துணை. பெரிய பாலிப், வாயருகே மணல் விழுந்தவுடன் நீரை உறிஞ்சி உப்புகிறது. உப்பிய சரிவில் மணல் வழுக்கி இறங்குகிறது. தோலின்மீதுள்ள நுண்மயிர்கள் ஒரே திசையில் அசைந்து எஞ்சிய துகள்களை ஓரத்துக்குத் தள்ளுகின்றன. நுண்ணிய சேறாயின், பாலிப் ஒரு கோழைப் படலத்தைச் சுரந்து, சேற்றையெல்லாம் அதில் சிக்கவைத்து, படலத்தோடு உரித்து விட்டுவிடுகிறது. இவ்வளவுக்கும் சக்தி செலவாகிறது. வெளிச்சம் மங்கிய நாளில் பாசியின் வரும்படி குறைந்திருக்கும்போது அச்செலவை ஈடுசெய்வதற்கும் அதே அகன்ற வாய் பயன்படுகிறது. பெரிய இரையைச் சிறிய பாலிப்பால் விழுங்க முடியாது. ஆக, பெரிய பாலிப் என்பது கலங்கல் நீரில் பிழைப்பதற்கு இயற்கை அளித்த கருவி என்பதே என் துணிபு. கோனியோபோரா என்னும் இன்னொரு பேரினமும் இதே கரைகளில் உண்டு. அதன் பாலிப்புகள் பட்டப் பகலிலும் விரற்கடை நீளத்துக்கு வெளியே நீண்டு, இருபத்துநான்கு உணர்நீட்சிகளோடு அசைந்துகொண்டிருக்கும்.

பெரிய பாலிப்புடைய இனங்கள் சாதுக்கள் அல்ல. பவளத்திட்டில் இடம் மிகக் குறைவு. வெளிச்சம் படும் இடம் அதனினும் குறைவு. அண்டை இனத்தின் திரள் நெருங்கி வளர்ந்து வந்தால், ஃபேவைட்டிஸ் தன் ஓரத்துப் பாலிப்புகளில் சில உணர்நீட்சிகளை வழக்கத்துக்கு மாறாகப் பன்மடங்கு நீளச் செய்து, அவற்றில் கொடிய கொட்டும் செல்களை நிறைத்து, இரவில் நீரோட்டத்தில் வீசி, எதிரியின் தசையைச் சுட்டுவிடுகிறது. இன்னும் நெருங்கினால், வயிற்றுக்குள்ளிருக்கும் ஜீரண இழைகளையே வாய் வழியாக வெளியே நீட்டி, பக்கத்துப் பவளத்தை அதன் இடத்திலேயே செரித்துவிடுவதும் உண்டு. இரண்டு குவடுகளுக்கு இடையே விரலளவு அகலத்தில் வெறுங்கல்லாய்ப் போன ஒரு பட்டை காணப்பட்டால், அங்கே இத்தகைய யுத்தம் நடந்திருக்கக்கூடும்.

சந்ததியைப் பெருக்குவதில் ஃபேவைட்டிஸுக்கு இரண்டு வழிகள். திரளின் வளர்ச்சி, பாலிப் தன்னைத்தானே பிளந்துகொண்டு இரண்டாவதால் நடக்கிறது. புதிய இடத்தில் புதிய திரள் உண்டாவதற்கோ, முட்டையும் விந்தும் வேண்டும்; இவ்விரண்டும் ஒரே பாலிப்பிலேயே விளைகின்றன. ஆஸ்திரேலியக் கரையில் 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்து 1984-இல் வெளியிட்ட செய்தி அற்புதமானது. ஆண்டில் ஒரு முறை, பௌர்ணமி கழிந்த சில இரவுகளில், எத்தனையோ பவள இனங்கள் ஒரே சமயத்தில் முட்டையும் விந்தும் அடங்கிய சிறு உருண்டைகளைக் கடலில் விடுகின்றன. அவை மேலே மிதந்து உடைந்து கலக்க, கருவுற்ற முட்டையிலிருந்து பிளானுலா என்னும் நுண்ணிய இளவுயிரி வெளிப்பட்டு, சில நாள் நீந்தித் திரிந்து, கெட்டியான தூய தரையைக் கண்டால் ஒட்டிக்கொண்டு முதல் அறையைக் கட்டத் தொடங்குகிறது. வண்டல் மூடிய தரையில் அது ஒட்டுவதில்லை. வளர்ந்த பாலிப்புக்கு மணலைத் தள்ளும் வலிமை உண்டாயினும் அந்த இளவுயிரிக்கு அது கிடையாது. கலங்கல் நீரில் பழகிய இனத்துக்கும் பலவீனமான பருவம் இதுவே.

நம் கடற்கரையில் இந்த ஆராய்ச்சிக்கு நெடிய பாரம்பரியம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் முத்துக்குளிப்பையும் சங்கு குளிப்பையும் பற்றி எழுதப் போந்து மன்னார் வளைகுடாவின் ஜீவராசிகளையும் குறித்து 1890-இல் எழுதினார். அவருக்குப் பின்வந்த கிரேவ்லியின் பொறுப்பில், பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய நூல் 1927-இல் அருங்காட்சியகத்தால் வெளியிடப்பட்டது. 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய காலத்தில், சி. எஸ். கோபிநாத பிள்ளை என்னும் அறிஞர் இக்கரைப் பவளங்களை இனம் இனமாகப் பிரித்து எழுதிய கட்டுரைகளே இன்றுவரை அடிப்படையாக விளங்குகின்றன. உலகெங்கும் பவள ஆராய்ச்சி செய்வோர் சில ஆண்டுகளுக்கொரு முறை கூடும் சர்வதேச மாநாடுகளின் வரிசையில் முதலாவதாகக் கணக்கிடப்படுவது, 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் நடந்த கருத்தரங்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடம்பெறத்தக்க பெருமை அது.

இனிக் கல்லக்குடிக்கு வருவோம். 1953-ஆம் ஆண்டுப் பெயர் மாற்றப் போராட்டத்தால் தமிழகமெங்கும் பெயர் அறியப்பட்ட இவ்வூர், பூகர்ப்ப சாஸ்திரிகளிடையே அதற்கு நூறாண்டுகளுக்கு அணித்தாக முன்பே அறிமுகமாகிவிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவராய் அமர்ந்தவர், 1850-களின் இறுதியில் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு ஜில்லாக்களை அளந்து, 1862-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். கடல் விட்டுச்சென்ற படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பிரித்த பிரிவு இன்றும் வழக்கில் உள்ளது. அடித்தொகுதியைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லில் பவளங்கள் மிகுந்திருப்பதைக் கண்டு, இது பழைய பவளத்திட்டின் எச்சமே என்று எழுதினார். மொராவியாவில் பிறந்து இந்தியாவுக்கு வந்த ஸ்டோலிச்கா என்னும் அறிஞர், இவ்விடங்களில் கிடைத்த சங்குகள், சிப்பிகள், கடல்முள்ளிகள், பவளங்கள் யாவற்றையும் பெருந்தொகுதிகளாக வர்ணித்து, பவளங்களைப் பற்றிய பகுதியை 1873-இல் முடித்து, மறு ஆண்டிலேயே லடாக்கில் யாத்திரையின் நடுவே தமது முப்பத்தாறாம் வயதில் உயிர்நீத்தார். அவருடைய உழைப்பை நினைக்கும்போது என் கைகள் தாமே குவிகின்றன.

கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லின் காற்றும் மழையும் அரித்த முகத்தை நிதானமாக நோக்கினால், சாம்பல் நிறத்துப் பாறையில், நட்சத்திரம் பொறித்தாற்போன்ற வட்டங்கள் சில புலப்படும். மையத்தை நோக்கிக் கூடும் கோடுகள், முன்னே பூதக்கண்ணாடியில் கண்ட அதே தகடுகளின் குறுக்குவெட்டு. அவ்வினங்கள் ஃபேவைட்டிஸ் அல்ல. அவை மறைந்தொழிந்த வேறு குலங்கள். ஆயினும் ஆறின் மடங்கில் தகடு வகுக்கும் விதி மாறவில்லை. பவளத்தோடு சுண்ணாம்பு சுரக்கும் பாசிகளும் பிரையோசோவா என்னும் கூட்டுயிரிகளும் சேர்ந்தே அத்திட்டைக் கட்டியிருக்கின்றன. அக்காலத்தில் இந்திய நிலப்பரப்பு தெற்கு அரைக்கோளத்தில் மடகாஸ்கரை ஒட்டிக் கிடந்தது. கிழக்கே புதிதாய்த் திறந்த கடல், இன்றைய திருச்சி ஜில்லாவின் பழைய நைஸ் பாறைகளின்மீது ஏறி வந்து, ஆழமற்ற தெளிந்த விளிம்பை உண்டாக்கியிருந்தது. அச்சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே கிடப்பது காரை என்னும் ஊரின் பெயரால் வழங்கும் களிமண் படிவு. கடல் ஆழமாகி, சேறு வந்து படிந்து, திட்டு மூடப்பட்டது. வெளிச்சத்தால் கட்டப்பட்டதை மண் முடித்துவைத்த வரலாறு, படிவு மாறாமல் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

அக்கல்லை இடித்துப் பொடியாக்கி, எங்கள் ஊர் அம்மனுக்குச் சார்த்திய மாலையிலிருந்து கிடைக்கும் எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து இரண்டு துளி பிழிந்தால், பொடி மெல்லச் சீறிச் சிறு குமிழிகளாய் நுரைக்கும். சாற்றின் புளிப்பு கல்லைக் கரைக்க, கல்லில் பத்துக் கோடி ஆண்டுகளாய்ப் பூட்டிக் கிடந்த கரியமில வாயு விடுபட்டு வெளியேறுகிறது. 1939 முதல் கல்லக்குடியில் நடந்துவரும் சிமெண்டுத் தொழிலில் இதே விடுதலையை நெருப்பு செய்கிறது. தூய சுண்ணாம்புக்கல் நூறு கிலோவைச் சுட்டால் ஐம்பத்தாறு கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்ச, நாற்பத்துநான்கு கிலோ கரியமில வாயுவாய்ப் போய்விடும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை வேறு. உலகில் மனிதர் செய்கையால் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலைச் சேர்ந்தது. வீடும் பாலமும் அணையும் வேண்டுமென்கிற நாம் எல்லோரும் இதில் பங்காளிகள்.

ஆகாயத்தில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காயிருந்த கரியமில வாயு இன்று 420-ஐக் கடந்துவிட்டது. அதில் ஒரு பகுதி கடலில் கரைந்து, நீரின் புளிப்பை, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு உயர்த்தியிருக்கிறது. எலுமிச்சைச் சாறு செய்ததை மிக மிக மெதுவாகச் செய்யும் சக்தி அது. பாலிப் கல்லைச் சமைக்கும் வேலை அந்த அளவுக்குக் கடினமாகிறது. உஷ்ணத்தின் கொடுமை இதைவிட உடனடியானது. வழக்கமான கோடைக்கால உச்சத்தைவிட ஒரு டிகிரி மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே, பாசிகளின் ஒளிச்சேர்க்கை நிலைகுலைந்து விஷப் பொருள்கள் உண்டாக, பாலிப் தன் துணையையே வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், ஒளி ஊடுருவும் தசையின் வழியே வெள்ளைக் கல் தெரிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாவில் இந்த வெளுப்பு பரவலாக நேர்ந்தது; உலகளாவிய நான்காம் வெளுப்பு நேர்ந்துள்ளதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 2016-இல் கிளைவிடும் அக்ரோபோராவும் பொசில்லோபோராவும் மான்டிபோராவும் திரள் திரளாய் மாள, தடித்த தசையும் பெரிய பாலிப்பும் உடைய குவட்டுப் பவளங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. வரும்படி நின்றுபோன வாரங்களில் கொழுப்பைச் செலவிட்டும் இரை பிடித்தும் காலந்தள்ள அவற்றால் முடிகிறது.

வேறு வகையான அழிவும் இருந்தது. தூத்துக்குடி, மண்டபம் பக்கங்களில், சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடுக்கும் கட்டடத்துக்குமாக முருகைக்கல் எனப்படும் பவளக்கல்லைப் பெயர்த்து வள்ளம் வள்ளமாய்க் கரை சேர்த்த தொழில் பல தலைமுறை நடந்தது. 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவும், 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டரில் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. 2001-இல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, புலிக்குரிய காவல் பவளத்துக்கும் கிடைத்தது. ஆழமற்ற அடித்திட்டை இழந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் அதற்குள் கடலில் மூழ்கிவிட்டன. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்ப்பதற்கென்று பெரிய பாலிப்புடைய பவளங்களை அயல்நாடுகளில் விலைக்கு வாங்குவோர் பலர் இருக்கின்றனர். இந்தோனேசியா போன்ற தேசங்களிலிருந்து சர்வதேச உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டோடு அவை ஏற்றுமதியாகின்றன. நம் நாட்டுக் கடலிலிருந்து ஒன்றை எடுப்பதும் குற்றம்.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே, கான்கிரீட் சட்டங்களின்மீது உயிருள்ள பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டுவருகிறார்கள். கரைந்துவரும் வான் தீவுக்கு முன்னால் இறக்கப்பட்ட கான்கிரீட் தொகுதிகளிலும் பவள இளவுயிரிகள் தாமாகவே வந்து ஒட்டியிருக்கின்றன. நடுவதற்குக் கிளைவிடும் இனங்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது இயல்பு. துண்டு ஒடிப்பது எளிது, ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் வளர்ந்து பலன் விரைவில் தெரியும். ஆனால் உஷ்ணம் மிகுந்த ஆண்டில் முதலில் மடிபவையும் அவைதாம். ஃபேவைட்டிஸ் போன்றவை மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு ஐந்து முதல் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. அந்த வேகத்தில், மண்டபத்துக் கடலில் இன்று ஒரு மீட்டர் அகலமுள்ள குவடு ஒன்றின் வயது ஐம்பதிலிருந்து நூறு வரை இருக்கலாம். குருசடைத் தீவைப் பற்றிய நூல் அச்சான நாளில் ஒட்டிய இளவுயிரி, மெதுவாக வளர்ந்திருந்தால், இப்போதுதான் அந்த அளவை எட்டியிருக்கும். இத்தகைய முதிய திரள்களை ஐந்தாண்டுத் திட்டத்தில் நட்டு உண்டாக்க முடியாது. ஆதலால், புதிதாய் நடுவதற்குச் செலவிடும் கவனத்தில் பாதியையேனும், இருக்கின்ற பெரிய குவடுகளை ஒவ்வொன்றாய்க் கணக்கெடுத்து வரைபடத்தில் குறிப்பதற்கும், படகுகளின் நங்கூரம் அவற்றின்மீது விழாதபடி கட்டுமிதவைகள் அமைப்பதற்கும், பவளங்கள் முட்டையிடும் மாதங்களில் அருகே தூர்வாரும் வேலையை நிறுத்திவைத்து அடிமண் கிளறப்படாமல் பார்ப்பதற்கும் செலவிடவேண்டும் என்பது என் கருத்து. இவற்றுள் எதற்கும் புதிய சட்டமோ புதிய ஆராய்ச்சியோ தேவையில்லை.